ஒருத்தரும் எடுக்காதேங்கோ

பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வந்தபோது தக்சாயினி முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு போனைத் திறந்தாள். பள்ளியில் அபாய நிலை, பொலிஸ் வந்துவிட்டது, வகுப்பறைகள் உள்ளே பூட்டப்பட்டிருக்கின்றன, பெற்றோர் பள்ளி வாசலுக்கு வரவேண்டாம், பிள்ளைகளுக்குத் தொலைபேசி எடுக்கவே வேண்டாம். அதை வாசித்து முடிக்குமுன் வகுப்புப் பெற்றோர் குழுவில் யாரோ ஒரு தாய் துப்பாக்கி என்ற சொல்லைப் போட்டுவிட்டாள். ஆதிரை அங்கே ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். ஒரே பிள்ளை.

புருஷனுக்குச் சொல்ல வழியில்லை. சாருஜனுக்கு டோர்ட்முண்ட் நகரில் ஒரு களஞ்சியத்தில் வேலை. உள்ளே போகும்போது போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அவன் இல்லையென்றால் வேறு யாருக்குச் சொல்வது? இந்தக் குடும்பத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும், ஒருவர் புதுக் கார் வாங்கினாலும் முதலில் போய்ச் சேரும் இடம் சொந்தக்காரர்களின் வட்ஸ்அப் குழுதான். லண்டன், பாரிஸ், சிட்னி, கனடா எல்லாம் அதற்குள் அடக்கம். தக்சாயினியின் விரல் அவளைக் கேளாமலே அங்கே போனது. "ஆதிரையின்ர பள்ளிக்கூடத்தில ஆரோ துவக்கோட நிக்கிறானாம். எல்லாரும் பிள்ளைக்காகக் கும்பிடுங்கோ" என்று எழுதி அனுப்பிவிட்டாள். சமையலறைப் பொறுப்பாளர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு மேற்சட்டையை எடுத்துக் கொடுத்தார்.

ட்ராமில் ஏறி உட்கார்ந்தபோது குழுவில் கும்பிட்ட கைப் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பாரிஸ் சித்தி முருகனுக்கு நேர்த்தி வைத்தாள். சிட்னியில் பரராசசிங்கம் மாமா, ஜெர்மனியும் அமெரிக்கா மாதிரி வந்துட்டுது என்று நீளமாகக் கவலைப்பட்டார். கனடா இன்னும் நித்திரையில் இருந்தது ஒன்றுதான் புண்ணியம். இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போதுதான் லண்டனிலிருந்து பவளம் மாமி எழுதினாள்: "நான் பிள்ளைக்குப் போன் அடிச்சுப் பாக்கிறன்."

தக்சாயினி இருக்கையை விட்டு எழும்பிவிட்டாள். ஆதிரையின் போன் மணி சத்தமாக அடிக்கும்படிதான் இருந்தது. பள்ளியில் போனை அணைத்துப் பைக்குள் வைக்கவேண்டும் என்பதுதான் சட்டம். போன மாரிக் குளிரில் ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளை, தாய் எத்தனை தடவை எடுத்தும் பதில் சொல்லவில்லை. சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாளாம். அன்றைக்கு அழுத அழுகையில் தக்சாயினி சொல்லிவிட்டாள், சத்தத்தைக் குறைச்சால் போனையே பறிச்சுப்போடுவன் என்று. ஆதிரை வாய்காட்டுகிற பிள்ளைதான், ஆனால் தாய் அழுதால் சொன்னதைக் கேட்பாள். பிறகு ஒரு பெற்றோர் கூட்டத்தில், இப்படி ஆபத்து வந்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று ஆசிரியை விளக்கமாகச் சொன்னார். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, சுவரோரம் நிலத்தில் இருப்பார்கள், மூச்சுச் சத்தமும் கேட்கக்கூடாது என்றார். தக்சாயினி தலையாட்டிக்கொண்டு இருந்தாள். வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் போனைப் பற்றி ஒரு சொல் மாற்றிச் சொல்லவில்லை.

இப்போது சொல்லவும் முடியாது. சத்தத்தைக் குறை என்று எழுதினால் அந்தச் செய்தி போய் விழுவதே சத்தத்தோடுதான் விழும்.

மாமிக்குப் போன் எடுத்தாள். லைன் பிஸி. மறுபடி எடுத்தாள். பிஸி. மாமி யாரோடு பேசப் பார்க்கிறாள் என்பது தெரிந்ததுதானே. குழுவில் எழுதினாள்: "ஆதிரைக்கு ஒருத்தரும் எடுக்காதேங்கோ." அதுவும் வினையாகப் போனது. ஏன், என்ன நடந்தது, பிள்ளை எடுக்கிறாள் இல்லையோ என்று எல்லோரும் பதற, சிட்னி மாமா தானும் ஒருக்கா அடித்துப் பார்ப்பதாகச் சொன்னார். தக்சாயினி தட்டுத்தடுமாறி, எழுத்துப் பிழைகளோடு எழுதினாள்: "பிள்ளை ஒளிச்சிருக்கிறாள். போன் அடிச்சால் அவனுக்குக் கேக்கும்." குழு அப்படியே அடங்கிப்போனது. மாமி மட்டும் அதைப் பார்க்கவில்லை.

பள்ளிக்கு இரண்டு தெரு முன்னாலேயே பொலிஸ் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தது. பெற்றோரைத் தேவாலய மண்டபத்துக்குப் போகச் சொன்னார்கள்; பலர் போகாமல் அங்கேயே நின்றார்கள். சந்திரகாந்தி அக்காவும் நின்றாள். அவளுடைய மகன் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வெடிச் சத்தம் ஏதும் கேட்டதோ அக்கா?"

"நான் வந்தாப் பிறகு ஒண்டும் கேக்கேல்லை" என்றாள் சந்திரகாந்தி. முந்தி என்ன கேட்டது என்று தக்சாயினி கேட்கவில்லை.

போன் அதிர்ந்தது. பவளம் மாமி.

"மாமி, பிள்ளைக்கு எடுத்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை, எடுத்துக்கொண்டே இருந்தனான். மணி அடிக்குது. நல்லா அடிக்குது. அடிச்சால் ஆள் இருக்கெண்டுதானே."

தக்சாயினிக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. வன்னிப் போரின் அந்தக் கடைசி மாதங்களில் மாமி, அங்கே அகப்பட்டிருந்த தன் தங்கச்சியின் நம்பருக்கு இப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, மணி அடித்தால் போதும் என்று இருந்தவள். ஒருநாள் அதுவும் அடிக்கவில்லை. அதற்குப் பிறகு மாமிக்கு அன்பு என்றால் விடாமல் அழைப்பதுதான். தக்சாயினியும் பிள்ளையின் போனைச் சத்தமாக வைக்கச் சொன்னது வேறு எதற்காக?

"மாமி, இனி எடுக்காதேங்கோ. அவள் ஒளிச்சிருக்கிறாள். சத்தம் கேக்கப்படாது."

மாமி மிகவும் மெதுவாகக் கேட்டாள், தானும் அந்த இருட்டு அறைக்குள் இருக்கிறவள் போல.

"கடைசியா எடுக்கேக்க ரெண்டு தரம் மணி அடிச்சுது. பிறகு ஆரோ கட் பண்ணிப்போட்டினம். அது பிள்ளைதானே?"

தக்சாயினி போனை வைத்துவிட்டாள். பிள்ளைதான். பக்கத்திலிருந்த பிள்ளையாக இருக்கும். ஆசிரியையாக இருக்கும். அதற்கு மேல் நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. நாடாவுக்கு அப்பால் தெரு வெறுமையாகக் கிடந்தது. எந்தக் கதவும் திறக்கவில்லை.

வட்ஸ்அப்பில் ஆதிரையின் பெயரைத் திறந்தாள். எதையும் தொட்டுவிடக்கூடாது என்று பெருவிரலைக் கைக்குள் மடக்கிக்கொண்டாள். காலையில் பிள்ளை அனுப்பியதுதான் கடைசி, தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டேன் என்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெயருக்குக் கீழே, அந்தப் பக்கத்தில் யாரோ எழுதுகிறார்கள் என்று காட்டும் சின்னச் சொல் வந்தது. சந்திரகாந்தி அக்காவும் குனிந்து பார்த்தாள். சொல் மறைந்தது. இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அது மறுபடி வந்தது, மறையாமல் நின்றது, யாரோ எழுதிக்கொண்டே இருந்தார்கள்.