குடும்பங்களுக்கு மட்டும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் வில்பிரட் சொல்வார். இருந்துவிட்டுப் போகட்டும். சில விஷயங்களுக்குக் கோபமே வராத ஆட்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். புளூ ஆங்கர் கிளப்பின் கேட்டில் அந்தப் பலகையைப் பார்த்த பிறகும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். என் பெயர் அருள்செல்வி. அமீரகத்தில் ருவைஸ் என்கிற ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் தம்பி ஆல்டோ பகலில் ஒரு கம்பெனியின் குடோனில் பெட்டி அடுக்குகிறான், சாயங்காலம் அதே கம்பெனி முதலாளியின் புளூ ஆங்கர் கிளப்புக்குக் கால்பந்து விளையாடுகிறான். மூன்றாம் டிவிஷன். டிவியில் வராது, பேப்பரில் வராது. ஆனால் பெட்டி அடுக்க இந்த ஊரில் ஆளுக்கா பஞ்சம்? அவனுடைய இடது காலைப் பார்த்துத்தான் விசா எடுத்தார்கள். டீம் இருக்கிற வரைக்கும் ஆல்டோவும் இங்கே இருப்பான். டீமை மூடினால் விசா கேன்சல், அவன் ஊருக்குப் போய் அப்பாவோடு மீன் பிடிக்க வள்ளத்தில் ஏற வேண்டியதுதான்.

அந்த டீமை மூடப் போகிறார்கள் என்று சாகிர் வந்து சொன்னான்.

சாகிர் கிளப்புக்கு ரசிகர்களைச் சேர்க்கிற வேலையில் இருந்தான். சென்னைப் பையன். கறுப்புக் கண்ணாடி எப்போதும் தலையில்தான் இருக்கும், கண்ணுக்கு இறங்கி நான் பார்த்ததில்லை. மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, ஸ்டாண்டுல ஈ ஓட்டிட்டு இருக்கோம். கடைசி ஹோம் மேட்ச்சுக்கு பாஸ் வர்றாரு. ஆளே பாக்காத டீமுக்கு நான் ஏன் செலவு பண்ணணும்னு கேக்குறாரு. அன்னிக்கு கூட்டம் காட்டலேன்னா கலாஸ், இழுத்து மூடிடுவாரு. நீங்க மனசு வெச்சா முடியும். நல்ல ஃபேமிலிஸா கூட்டிட்டு வாங்க."

நல்ல ஃபேமிலி, கெட்ட ஃபேமிலி என்று எப்படிப் பிரிப்பது என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். தம்பியின் பிழைப்பு கண்ணுக்கு முன்னால் நின்றது, கேட்கவில்லை.

வீடு வீடாகப் போன் செய்தேன். இஞ்சினியர் வீட்டு அம்மா, பையனுக்கு அபாகஸ் கிளாஸ் என்றார். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை அபுதாபி மால் என்றார். மூன்றாவது வீட்டில், "மூணாவது டிவிஷனா? அதெல்லாம் யாரு பாப்பா?" என்று சிரித்தார்கள். என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் என் வாய்க்குப் பயந்து அந்த வார மேட்ச்சுக்கு வந்தார்கள். பிள்ளைகள் போனைப் பார்த்தன, பெரியவர்கள் புழுக்கம் என்று விசிறிக்கொண்டார்கள், இடைவேளைக்குப் பிறகு திரும்பிப் பார்த்தால் எனக்குப் பக்கத்தில் வில்பிரட்டும் எங்கள் மகளும் மட்டும்தான் இருந்தார்கள். மைதானத்தில் ஆல்டோ ஓடிய ஓட்டத்தில் அவன் பூட்ஸ் சத்தம் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டது. கேட்கவே நாதியில்லாத விளையாட்டு மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் கோவில் வாசலில் பெர்சி அண்ணனைப் பார்த்தேன். எங்கள் ஊர்க்காரர். பிளாண்டில் சாரம் கட்டுகிறார், தொழிலாளர் கேம்ப்பில் இருக்கிறார். ஊரில் எங்கள் பங்குக் கோவில் டீமுக்கு ஒரு காலத்தில் பின்காவல் ஆடியவர். விஷயத்தைச் சொல்லி அழாத குறையாக நின்றேன்.

"இதுக்கா பிள்ளே மொகத்த தொங்கப் போட்டுட்டு நிக்க? நாங்க இல்லியா? கேம்ப்புல ஞாயிறானா ரூம்ல கெடந்து மோட்டுவளையத்தான் பாக்கோம். நாங்க வாறோம்."

வந்தார்கள். ஒரு பஸ் நிறைய வந்தார்கள். எங்கள் கடற்கரைப் பையன்கள், அவர்கள் ரூமில் இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரர் யோகநாதன், இரண்டு நேபாளிகள். பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அடிக்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு அது வேறு மைதானம்.

எங்கள் ஊர்ப் பந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருவிழா மேட்ச்சில் கோட்டுக்கு வெளியே நிற்கிறவன் சும்மா கைதட்ட நிற்பதில்லை. விளையாடுகிறவனுக்கு முதுகில் கண் இல்லை, வெளியே நிற்கிறவன்தான் அந்தக் கண். "பின்னால ஆளு" என்று குரல் வந்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது, பந்தைத் தள்ளிவிட வேண்டும். "நேரம் இருக்கு" என்றால் நிறுத்தி ஆடலாம். சின்ன வயதிலிருந்தே ஆல்டோ பெர்சி அண்ணனின் குரலைக் கேட்டு ஆடியவன். அந்தக் குரல் சொன்னால் அவன் கால் கேட்கும், அவனைக் கேட்காமலேயே.

"லே ஆல்டோ! பந்த கெட்டிப் புடிச்சிட்டு எங்கலே போற, உனக்க சொத்தா அது? குடுலே!"

அவன் கொடுத்தான். கோல். வாளிகள் உடைகிற மாதிரி அடித்தார்கள். அந்த மேட்ச்சில் ஜெயித்தோம், அதற்கடுத்ததிலும் ஜெயித்தோம். எதிர் டீம் நல்ல கோல் போட்டாலும் எழுந்து நின்று கைதட்டினார்கள் எங்கள் ஆட்கள், அப்படித்தான் ஊர் வழக்கம். சாகிர் கறுப்புக் கண்ணாடி கீழே விழுகிற அளவுக்குக் குதித்தான். ஓடி ஓடி வீடியோ எடுத்தான்.

அந்த வீடியோவைப் பார்த்தபோதுதான் முதல் தடவை எனக்குச் சுருக்கென்றது. படத்தில் என் மகளும் இன்னும் நாலு குழந்தைகளும் கொடியை ஆட்டுகிறார்கள். சத்தம் முழுக்கக் கேம்ப் ஆட்களுடையது. ஆட்களில் ஒருவரையும் காணோம்.

"என்னடே இது, கூட்டம் எங்க?" என்று கேட்டேன்.

"அதான் சவுண்ட் இருக்கே அக்கா. ஸ்பான்சர் பாக்குற வீடியோ. லுக் முக்கியம்."

லுக்காம். வெயிலில் கறுத்த முகம் அவனுக்கு லுக்கைக் கெடுக்கிறதாம். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆல்டோவின் விசா இருக்கிறதே, அதற்காகக் கடித்தேன். அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும்.

கடைசி ஹோம் மேட்ச் வந்தது. கேட்டில் புதுப் பலகை, அரபியிலும் இங்கிலீஷிலும்: குடும்பங்களுக்கு மட்டும். கேம்ப் பஸ் வெளியே நிற்கிறது. பெர்சி அண்ணனும் மற்றவர்களும் இஸ்திரி போட்ட சட்டையில், டீமின் நீலக் கலர் வேண்டும் என்று தேடித் தேடி வாங்கிய சட்டையில், வெளியே நிற்கிறார்கள். செக்யூரிட்டி கையை நீட்டி மறித்துக்கொண்டிருக்கிறான். அபாகஸ் அம்மாவும் அபுதாபி மால்காரரும் குடும்பம் குடும்பமாக அந்தக் கைக்கு அடியில் நுழைந்து உள்ளே போகிறார்கள். முதலாளி வருகிறார், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓட்டலில் இலவச டின்னர் என்று சாகிர் சொல்லியிருக்கிறான். அதனால் அன்றைக்கு அவர்களுக்கு மூன்றாம் டிவிஷன் பிடித்துப்போயிற்று.

"சாகிர், இது என்ன?"

"அக்கா, ப்ளீஸ், இன்னிக்கு மட்டும். பாஸுக்கு ஃபேமிலி அட்மாஸ்பியர் வேணும். பேச்சிலர்ஸை நெக்ஸ்ட் சீசன் பாத்துக்கலாம்."

"பேச்சிலரா? பெர்சி அண்ணனுக்கு மூணு பெண்மக்க இருக்குடே! யோகநாதன் அண்ணைக்குப் பேரனே இருக்கு. பொண்டாட்டி பிள்ளையளுக்கு விசா எடுக்க இவங்க சம்பளம் காணாது. கூட்டிட்டு வர முடியல. அதுக்குப் பேரு பேச்சிலரா?"

"ரூல் அக்கா. நீங்க கத்துனா ஆல்டோவுக்குத்தான் ப்ராப்ளம்."

அந்த ஒரு வார்த்தையில் என் வாயைக் கட்டினான். கறிவேப்பிலை என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பெர்சி அண்ணன் என்னைப் பார்த்து, "நீ உள்ள போ பிள்ளே. தம்பிக்க காரியமாக்கும். நாங்க வேலிக்கு இந்தாப்பக்கம் நின்னு பாக்கோம்" என்றார். நான் போனேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனாலும் போனேன்.

ஸ்டாண்ட் பாதி நிறைந்திருந்தது. நிறைந்து என்ன பயன்? சத்தமே இல்லை. எங்கள் ஆட்கள் மைதானத்துக்கு அந்தப் பக்கம், கார் நிறுத்துகிற இடத்துக் கம்பி வேலிக்கு வெளியே மண்மேட்டில் வரிசையாக நின்றார்கள். வாளியை செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொண்டான். கத்தினால் போலீசைக் கூப்பிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறான். கேம்ப்பில் இருப்பவனுக்கு அந்த வார்த்தை போதும்.

இடைவேளையில் ஒரு கோல் பின்னால் இருந்தோம். முதலாளி சாகிரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். வீடியோவில் அவ்வளவு சத்தம் இருந்ததே, அது எங்கே என்று கேட்டிருக்கிறார். சாகிர் ஓடிப் போனான். இரண்டாம் பாதி தொடங்கியதும் ஸ்டாண்டில் கட்டியிருந்த ஸ்பீக்கரிலிருந்து வாளிச் சத்தம் கிளம்பியது. விசில், கூச்சல், எல்லாம். பழைய மேட்ச்சில் அவன் பதிந்து வைத்த சத்தம். ஆட்களை வெளியே நிறுத்திவிட்டு அவர்கள் தொண்டையை மட்டும் உள்ளே கொண்டுவந்து வைத்திருந்தான்.

முதலாளி தலையாட்டினார். சாகிர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பாஸ் ஹேப்பி அக்கா. டீமுக்கு ஒண்ணும் ஆகாது. ஆல்டோ சேஃப்."

அப்போது ஆல்டோவிடம் பந்து இருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. முன்னால் வெறும் புல்லும் கோல்கீப்பரும்தான்.

"லே ஆல்டோ, பின்னால ஆளு!" என்றது ஸ்பீக்கர், பெர்சி அண்ணன் குரலில்.

ஆல்டோ திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதானே பழகியிருக்கிறான். பந்தைப் பக்கத்தில் தள்ளினான். அங்கே நம் ஆள் யாரும் இல்லை. எதிர் டீம்காரன் எடுத்துக்கொண்டு ஓடினான், இரண்டாவது கோல்.

ஆல்டோ ஸ்டாண்டைப் பார்த்தான். பெர்சி அண்ணனைத் தேடினான். அபாகஸ் அம்மா தெரிந்திருப்பார். பிறகு மெல்லத் திரும்பி வேலியைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பெர்சி அண்ணன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றிருந்தார். "குடுலே, உனக்க சொத்தா அது?" என்று ஸ்பீக்கர் அவருடைய குரலில் கத்திக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு டின்னருக்கு வந்த கூட்டம் சிரித்தது.

நான் எழுந்துபோய் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினேன்.

சாகிர் தலையில் கை வைத்தான். முதலாளி திரும்பிப் பார்த்தார். ஆல்டோவின் விசா, அப்பாவின் வள்ளம் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகத்தோடுதான் பேசினேன். வார்டில் பழகிய அரைகுறை அரபியையும் ஹிந்தியையும் கலந்து, "இந்தச் சத்தம் அந்த மனிதர்களுடையது. அவர்களை வெளியே நிறுத்திவிட்டுச் சத்தத்தை மட்டும் திருடி வைத்திருக்கிறார்கள். அவர்கள் வாயால் கேட்க வேண்டுமானால் அவர்களைக் கூப்பிடுங்கள்" என்றேன்.

மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஆல்டோவுக்குப் பந்து போனது. அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"லே ஆல்டோ! நேரம் இருக்கு! நிறுத்தி அடி!"

போலீசாவது ஒன்றாவது. ஆல்டோ நிறுத்தினான், அடித்தான். வலை குலுங்கியது. மண்மேட்டில் அத்தனை பேரும் கம்பி வேலியைப் பிடித்து உலுக்கினார்கள்.

முதலாளி வேலியைக் காட்டி, அவர்கள் ஏன் வெளியே நிற்கிறார்கள் என்று சாகிரிடம் கேட்டார். பேச்சிலர்ஸ் என்றான் இவன். திறந்துவிடு என்று அவர் கையை ஆட்டினார், காற்றுக்கு ஜன்னலைத் திறக்கச் சொல்கிற மாதிரி. மறுபடி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சாகிர் ஓடினான். நானும் பின்னாலேயே போனேன்.

"வாங்கண்ணா, உள்ள வாங்க. பாஸ் பெர்மிஷன் குடுத்துட்டாரு" என்றான் மூச்சு வாங்க.

பெர்சி அண்ணன் வேலியை விட்டு நகரவில்லை. கேட்டைக் காட்டினார். "தம்பி, அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"அது... அத விடுங்கண்ணா."

"எப்படிடே விட? குடும்பத்துக்கு மட்டும்னு எழுதி வச்சிருக்க. எனக்க பொண்டாட்டியும் பிள்ளையளும் ஊர்ல கெடக்கு. நீ விசா எடுத்துக் குடு, குடும்பமா வந்து உக்காருதோம். அதுவரைக்கும் இங்கதான். எனக்க தொண்டைக்கு கேட் பாஸ் வேண்டாம்."

செக்யூரிட்டி கேட்டை அகலத் திறந்து வைத்தான். ஒருவர்கூட உள்ளே போகவில்லை. ஆட்டம் முடிகிற வரைக்கும் வெளியே நின்றே கத்தினார்கள். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம்.

டீமை மூடவில்லை. முதலாளிக்கு அன்றைய ஆட்டம் பிடித்துவிட்டதாம். இந்த சீசனில் பலகை இல்லை, கேட் திறந்தே கிடக்கிறது. கேம்ப் பஸ் இன்னும் மண்மேட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஒன்றுக்கு இரண்டாக நிற்கிறது இப்போது. இலவச டின்னர் இல்லாததால் குடும்பங்களைக் காணோம். வெளியே அத்தனை கூட்டம், உள்ளே காலி நாற்காலிகள். இதை எப்படிப் படம் எடுப்பது என்று தெரியாமல் சாகிர் அலைகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு வந்து என்னிடம் கெஞ்சினான்.

"அக்கா, நீங்களாவது உள்ள வந்து உக்காருங்க. நீங்க ஃபேமிலிதானே?"

வில்பிரட் வாளி அடித்துக்கொண்டிருந்தார். மகள் யோகநாதன் அண்ணையின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா" என்றேன். "குடும்பத்தோடதான் நிக்கேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பக்கத்தில் பெர்சி அண்ணன் கத்தினார்.

"லே ஆல்டோ, பின்னால ஆளு!"

ஆல்டோ திரும்பிப் பார்க்காமலேயே பந்தைத் தள்ளிவிட்டான். பின்னால் நிஜமாகவே ஆள் இருந்தது.