நகர்ந்து நின்ற மேடுகள்

ஆபீஸ் உடல் பரிசோதனையில், பார்வையைப் பறிக்கும் "கிளாக்கோமா சந்தேகம்" என்று வந்ததிலிருந்து கிதேயின் தொண்டையில் சோயா சூப்புகூட இறங்கவில்லை. தேஜன் நகரத்துக் கண் டாக்டரிடம் தனியாகப் போகலாமென்று பார்த்தான். அடுத்த மாதம் அவனைக் கட்டிக்கொள்ளப்போகிற போரா விட்டால்தானே! கூடவே வந்து ஒட்டி உட்கார்ந்துவிட்டாள்.

மா என்ற அந்த டாக்டர் ஸ்கேனைத் திரையில் போட்டார். விழித்திரை நரம்புப் படலத்தின் தடிமனைக் காட்டும் கோடு, இரண்டு மேடாக ஏறி இறங்கியது. அங்கங்கே சிவப்பு. படலம் மெலிந்துவிட்டது என்று மெஷின் சொல்கிறதாம்.

"அப்போ ஆயுசு பூரா சொட்டு மருந்தா டாக்டர்?" போராவின் குரல் உடைந்தது.

டாக்டர் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தார். "வேடிக்கையா இருக்கே! நோய்னா மேடு தாழ்ந்திருக்கணும். இது ரெண்டும் உசரமாத்தான் நிக்குது. காதுப் பக்கமா நகர்ந்திருக்கு, அவ்வளவுதான். கிட்டப்பார்வைக்காரங்களுக்கு கண்ணு நீளம், அவங்களுக்குத்தான் இப்படி இருக்கும். மெஷின் சாதாரணக் கண்ணோட ஒப்பிட்டுப் பார்த்து, மேடு அந்த இடத்துல இல்லேன்னதும் சிவப்பு அடிச்சிடும். தம்பி, கண்ணாடி போட்டிருந்தீங்களா?"

"எங்க வம்சத்துல கண்ணாடியே கிடையாது" என்று போராவின் அப்பா பீற்றியபோது, "எங்க வீட்டிலயும்தான்" என்று அளந்துவிட்ட மகானுபாவன் கிதே. இப்போதும் இல்லையென்று சொன்னால் மானம் மிஞ்சும். ஆனால் இல்லாத நோய்க்கு ஆயுசு முழுக்க மருந்து!

"போட்டிருந்தேன்," என்றான் மெல்ல. "சோடாபுட்டி. காலேஜ் பரீட்சை முடிஞ்சதும் லேசர் பண்ணிக்கிட்டேன்."

"அப்படிச் சொல்லுங்க! லேசர் முன்பக்கத்தைத்தான் செதுக்கும். நீளம் அப்படியேதான் இருக்கும்." டாக்டர் கண்ணின் நீளத்தை அளந்து பார்த்தார். நல்ல நீளம். பார்வைப் பரப்பிலும் குறையில்லை. "மருந்து இப்ப வேண்டாம். ஆனா நீளக் கண்ணுக்கு அந்த நோய் வர வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. வருஷா வருஷம் வாங்க, உங்க கண்ணோட பழைய ஸ்கேனோடயே ஒப்பிட்டுப் பார்ப்போம்."

போரா கைப்பையால் அவன் தோளில் ஒரு போடு போட்டாள். "புளுகுமூட்டை! உனக்குக் கண்ணு போனா கையைப் பிடிச்சு எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு ஒரு வாரமா தூங்காம கிடக்கேன். ஒரு கண்ணாடிக்காடா பொய் சொன்னே?"

கல்யாணம் போச்சு என்றே கிதே முடிவு கட்டினான்.

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "எங்க குழந்தைக்கும் கிட்டப்பார்வை வருமா டாக்டர்?"

"வரலாம். தினமும் வெளியில, வெளிச்சத்துல விளையாட விடுங்க."

"குழந்தையை இவன்தான் தினமும் வெளிய தூக்கிட்டுப் போகணும்," என்றாள் போரா. கிதேக்கு அழுகையே வந்துவிட்டது.