டென்மார்க் விநாயகம்

“இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுடா. பனிமலை மடங்குது பாரு” என்று ஏணியில் நின்றவனிடம் செல்லப்பன் மாமா கத்திக்கொண்டிருந்தார். பிரசாந்த் கீழே நின்று ஃப்ளெக்ஸின் அடிவரியை மறுபடியும் படித்தான்.

மேலே நைனாவின் முகம். அக்கா கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்ற சம்பந்தியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் பனி மூடிய மலைகளை வைத்திருந்தார்கள். டென்மார்க்கில் அப்படிப்பட்ட மலை ஒன்றுகூடக் கிடையாது. மலைக்குப் பின்னால் செஞ்சியின் நிஜமான மலை, பாறை பாறையாக, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அடியில் இப்படி எழுதியிருந்தது: ‘டேனிஷ் மொழி வல்லுநர் பிரசாந்த் அவர்களின் அன்புத் தந்தையார், டென்மார்க் விநாயகம் அவர்கள் இயற்கை எய்தினார். கண்ணீருடன், செல்லப்பன், முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர்.’ கண்ணீருடன் இருந்த செல்லப்பன் படத்தில் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். இறந்தவரைவிட ஒரு சாண் உயரமாகவும் இருந்தார்.

“மாமா, அந்த வல்லுநருங்கறத மட்டும் எடுத்துடலாமே.”

“இன்னா மாப்ள நீ, அடக்கம் காட்ற நேரமா இது? உங்க நைனா ஊர் பூரா சொல்லிக்கினு திரிஞ்ச மனுஷன். கடைசி நாள்ல நாம கொறைச்சிப் போட்டா அசிங்கம் யாருக்கு?”

அசிங்கம் யாருக்கு என்பதுதான் நேற்று சாயங்காலத்திலிருந்து பிரசாந்தை அரித்துக்கொண்டிருந்தது.

அவனுடைய வேலை ஒன்றும் பெரிய ரகசியமில்லை. சென்னையில் ஒரு கம்பெனி. அன்றாட ஆங்கிலச் சொற்களை மூட்டை மூட்டையாக அனுப்பும். தண்ணீர், கதவு, பசு, ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொன்றுக்கும் டேனிஷ் மொழியில் என்ன பொருள் என்று இணையத்தில் ஒரு பக்கம் போட வேண்டும். மொழிபெயர்க்கும் இயந்திரத்தில் சொல்லைப் போட்டால் மறுபக்கம் டேனிஷ் வந்து விழும். அதை எடுத்து ஒட்டி, விளம்பரத்துக்கு இடம் விட்டால் வேலை முடிந்தது. பொறியியல் படித்துவிட்டு வீட்டிலிருந்தவனுக்கு அதுவே பெரிதாக இருந்தது. சில நூறு சொற்கள் மனதில் ஒட்டிக்கொண்டன. இரண்டு சொல்லைச் சேர்த்து ஒரு வாக்கியம் பேசு என்றால் அவனால் முடியாது.

நைனாவோ டீக்கடையில் வேறு விதமாகச் சொல்லியிருந்தார். டென்மார்க்காரர்களுக்கு இங்கிலீஷ் வராது, அவர்களுக்குச் சொல்லித்தரச் செஞ்சியில் ஆள் வைத்திருக்கிறார்கள், அந்த ஆள் என் மகன். கொஞ்ச நாளில் டென்மார்க் என்பது அவர் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. பால் சொசைட்டியிலும் அதே பெயர்தான்.

“எம்புள்ள பிளேன் ஏறி சிங்கப்பூர் போனான், வாஸ்தவம். இது இன்னாடி, கட்டில்ல உக்காந்துகினே டென்மார்க்கு?” என்று நைனாவின் தங்கை சாமுண்டீஸ்வரி அத்தை ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்காவிடம் கேட்பாள். இப்போதும் ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். அழுகைக்கு நடுநடுவே, தலையைத் தூக்கி ஃப்ளெக்ஸைப் படித்துக்கொண்டாள்.

பின்கட்டிலிருந்து அக்கா ஜெயக்கொடி வந்தாள். கையில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

“டேய், மாடு நேத்துலேர்ந்து தண்ணி குடிக்கல. வாளிய வெச்சா மூஞ்சத் திருப்பிக்குது.”

“தவிடு போட்டுப் பாத்தியா?”

“எல்லாம் போட்டாச்சி. அம்மா வந்து கெஞ்சினாங்க. ம்ஹும்.”

மைக் செட்டுக்காரன் ‘ஹலோ, ஹலோ’ என்றான். அவள் சொன்னது அதோடு போயிற்று.

சாயங்காலமானால் நைனா டீ டம்ளரோடு அவன் கட்டில் பக்கத்தில் வந்து நிற்பார். “இன்னிக்கி இன்னாடா வார்த்த?” அவன் ஒன்றைச் சொல்வான். அவர் அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே மாட்டுக் கொட்டகைக்குப் போவார். மாடு ஜெர்சிக் கலப்பு. சீமை மாட்டுக்குச் சீமைப் பேச்சுதான் சரிப்படும் என்பது அவர் கட்சி. டேனிஷில் பசுவுக்குக் ‘கோ’ என்று தெரிந்த அன்று செல்லப்பன் மாமா இதே வாசலில் நின்று, டென்மார்க்காரன் தமிழனிடம் கடன் வாங்கியவன் என்று அரைமணி நேரம் நிரூபித்தார். நைனா அதைக் கேட்டு, மாட்டுக்கே பெருமை சேர்ந்துவிட்டது போலத் தடவிக்கொடுத்தார்.

ஒருநாள் திடீரென்று கேட்டார். “நேர்ல ஒருத்தன் வந்து நின்னா பேசிடுவியாடா?”

“பேசுவேன் நைனா.”

அன்றைக்குத் ‘தெரியாது’ என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மறுநாளிலிருந்து அவர் பால் ஊற்றிவிட்டு நேராகக் கோட்டை டிக்கெட் கவுண்டருக்குச் சைக்கிள் மிதித்தார். வெள்ளைக்காரர் யார் இறங்கினாலும் ஆட்டோக்காரர்களிடம் விசாரிப்பார். “டென்மார்க்கா? டென்மார்க்குன்னா வீட்டுக்கு இட்டுனு வா.” டென்மார்க் வரவே இல்லை. அவன் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தான். நேற்று சாயங்காலம் பாலை ஊற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், அன்றைய வார்த்தையைக் கேட்காமலே போய்விட்டார்.

மைக்கில் செல்லப்பன் மாமா தொடங்கினார். “அன்னாரின் மறைவு செஞ்சிக்கு மட்டுமல்ல, ஐரோப்பாக் கண்டத்துக்கே ஈடுசெய்ய முடியாத இழப்பு!” ஐரோப்பாக் கண்டத்தின் சார்பில் யாரும் அங்கே இல்லாததால் மறுப்பு வரவில்லை.

அப்போதுதான் அன்புச்செல்வனின் ஆட்டோ பந்தல் முனையில் வந்து நின்றது. கோட்டை ஸ்டாண்டில் ஓட்டுபவன். நைனாவை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அவனுக்குப் பின்னால் வெயிலில் சிவந்துபோன ஒரு வெள்ளைக்காரரும், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்ட அவர் மனைவியும் இறங்கினார்கள். அன்புச்செல்வன் நேராகப் போய்ச் செல்லப்பனின் காதில் ஏதோ சொன்னான்.

செல்லப்பன் ஒரு கணம் வாயடைத்து நின்றார். கவுன்சிலர் தேர்தலில் ஜெயித்த அன்றுகூட அப்படி நின்றதில்லை.

“சற்றுமுன் கிடைத்த செய்தி! அய்யா அவர்களுக்கு அஞ்சலி செலுத்த டென்மார்க் நாட்டிலிருந்தே வருகை புரிந்திருக்கிறார்கள்! பறையை நிறுத்துப்பா!”

பறை நின்றது. ஒப்பாரியும் பாதி வரியில் நின்றது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்தார்கள். இரண்டு பேருக்கும் வழி விட்ட கூட்டம், அப்படியே பிரசாந்தையும் தள்ளிக்கொண்டு போய் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியது.

“அதான் வந்துட்டாங்களே” என்றாள் சாமுண்டீஸ்வரி அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பேசட்டும், கேப்போம்.”

பிரசாந்த் குனிந்தான். கண்ணாடிக்குள் நைனா படுத்திருந்தார். தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி, ஏதோ சொல்ல வந்தவரைத் தடுத்தது போல இருந்தது. இப்போது முழிக்கப் போகிறோம். நாளைக்கு டீக்கடையில் இதைத்தான் பேசுவார்கள். பதினாறாம் நாள் வரைக்கும் பேசுவார்கள். அதற்கப்புறம் டென்மார்க் விநாயகம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு நைனாவின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பெண் அவன் பக்கம் குனிந்து, மைக்குக்கு எட்டாத குரலில், ஆங்கிலத்தில் சொன்னாள்.

“நாங்கள் பிரான்ஸ். டென்மார்க் இல்லை. உங்கள் அப்பா வெகுநாளாக ஒரு விருந்தாளிக்குக் காத்திருந்தார், வாருங்கள் என்று ஆட்டோக்காரர் சொன்னார். அவர் போனதற்கு வருந்துகிறோம்.”

பிரசாந்த் ஆட்டோவைப் பார்த்தான். அன்புச்செல்வன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

“இன்னா சொல்றாங்க மாப்ள? மைக்குல சொல்லு.”

“நைனா யாராச்சும் வருவாங்கன்னு காத்துனு இருந்தாருன்னு கேள்விப்பட்டு வந்தாங்களாம். வருத்தமா இருக்குதாம்.”

கூட்டம் ‘ச்சு’ கொட்டியது. யாரோ ஒரு கிழவர் வெள்ளைக்காரரைப் பார்த்துக் கும்பிட்டார். அவரும் கும்பிட்டார்.

“அவங்க பாஷையில பதில் சொல்லுப்பா. சனம் கேக்கட்டும்” என்று மாமா மைக்கை அவன் வாய்க்கு நேராக நீட்டினார். தன் முகமும் படத்தில் விழும்படி போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து ஒரு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிரசாந்த் வந்தவர்களைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தான். சாயங்காலங்களில் ஒவ்வொன்றாகக் கொடுத்ததை, கொடுத்த வரிசையிலேயே எடுத்தான்.

“கோ” என்றான். பசு.

கொஞ்சம் நிறுத்தினான். அந்த இடத்தில்தான் அவர் திரும்பச் சொல்லிப் பார்ப்பார்.

“மெல்க்.” பால். “வாண்ட்.” தண்ணீர். “ஹூஸ்.” வீடு. மைக்கில் அவன் மூச்சு இரைந்தது. “ஃபார்.” அப்பா. இதை அவருக்குக் கொடுத்ததில்லை. மாட்டுக்கு உதவாத சொல் என்று விட்டுவைத்திருந்தான்.

“தாக்” என்று முடித்தான். நன்றி.

அந்தப் பெண் தலைகுனிந்து நின்றாள். அவள் கணவர் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் அவர்கள்தான் நன்றாகக் கேட்டார்கள். பின்வரிசையில் ஒருவன் கைதட்ட ஆரம்பித்து, பக்கத்திலிருந்தவன் முறைத்ததும் அந்தக் கையாலேயே கொசு அடித்தான்.

“நல்லாத்தான் பேசறான்” என்றாள் சாமுண்டீஸ்வரி அத்தை. பெரிய மனசோடு. “இன்னும் ரெண்டு வார்த்த சேத்துப் பேசியிருக்கலாம்.”

“அந்த பாஷையே அப்படித்தான்மா” என்றார் செல்லப்பன். “ரத்தினச் சுருக்கம்.”

பறை மறுபடி எழுந்தது. வந்தவர்கள் மாலை போட்டார்கள், பேப்பர் கப்பில் டீ குடித்தார்கள், எல்லோருடனும் படம் எடுத்துக்கொண்டு கோட்டைக்குத் திரும்பிப் போனார்கள்.

ஏரிக்கரைச் சுடுகாட்டுக்குப் பிரசாந்த் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பூ வாரி இறைத்துக்கொண்டே போனார்கள். வெள்ளைக்காரர்களைக் கோட்டையில் இறக்கிவிட்டு வந்த அன்புச்செல்வன் வழியில் சேர்ந்து அவன் பக்கத்திலேயே நடந்தான். புகை கண்ணில் பட்டபோதெல்லாம் துண்டால் விசிறிவிட்டான்.

“தம்பி, கோச்சிக்காத” என்றான் கொஞ்ச தூரம் போனதும். “அவங்க பிரான்சுதான். அண்ணன் உசுரோட இருக்கசொல்ல ஒருத்தனையும் இட்டாந்து காட்ட முடியல. இன்னிக்கி கோட்டைக்கி வந்தவங்க இவங்க மட்டுந்தான். டென்மார்க்குக்கு நான் எங்க போவேன்?”

“தெரியும்ணா. அந்தம்மாவே சொன்னாங்க.”

அன்புச்செல்வன் மறுபடி துண்டால் விசிறினான். பிறகு, “அண்ணனுக்கு வெள்ளைக்காரன்ல ரகமா தெரியப்போவுது?” என்றான்.

எல்லாம் முடிந்து, தலை மழித்து, முழுகி, ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தபோது வாசல் கழுவி விட்டிருந்தது. ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் ஒரு விளக்கு. செல்லப்பன் மாமா நாற்காலி அடுக்குகளுக்கு நடுவே ஒன்றை உருவிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“மாப்ள, காரியத்துக்கும் டென்மார்க்காரங்கள வரச்சொல்லிடு. பத்திரிகையில அவங்க பேரும் போட்டுக்கறேன். என் பேருக்குக் கீழ.”

“பாக்கலாம் மாமா.”

அம்மா குஞ்சம்மாள் உள்ளே சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும், “இன்னும் குடிக்கலடா அது” என்றாள். அன்று முழுவதும் அவள் அவனிடம் பேசியது அது ஒன்றுதான்.

அவன் பின்கட்டுக்குப் போனான். கொட்டகையில் வாளி நிரம்பியபடியே இருந்தது. மேலே தவிடு ஆடை கட்டியிருந்தது. மாடு அவனுடைய மொட்டைத் தலையைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கியது. தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்து வந்து வைத்தான். வாளியைக் காலால் நகர்த்தினான். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. கழுத்தைத் தடவினான். தோல் மட்டும் சிலிர்த்தது.

நைனா நிற்கும் இடத்தில், கழுநீர்த் தொட்டி ஓரமாக, போய் நின்றான்.

“வாண்ட்” என்றான்.

அதன் காதுகள் இரண்டும் முன்னால் வந்தன. அவனைத் தாண்டி, சமையற்கட்டுக் கதவு வரை பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, வாளிக்குள் முகத்தைப் புதைத்து, அடி தெரியும்வரை உறிஞ்சியது.

குடித்து முடித்ததும் வாயிலிருந்து நீர் சொட்டச் சொட்ட அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. வாளியை எடுக்கும்போது நைனா அதற்குத் ‘தாக்’ என்று நன்றி சொல்வார்.

அவன் வாளியை எடுக்காமல் நின்றான்.