கீழே, இடது மூலையில்

“ஒந் தம்பி பேர எம் மவ பேருக்குப் பக்கத்துல எழுதி நடுரோட்டுல கட்டி வுட்டுருக்கியே, நீ நல்லா இருப்பியாடி?”

“அத்த, கொஞ்சம் மெதுவா பேசுங்க…”

“நீ பன்னெண்டு அடிக்கு எழுதிக் கட்டுவ, நான் மெதுவா பேசணுமா?”

ஆண்டாயியின் குரலுக்கு முன்னால் கீழப்பழுவூர் முக்கில் திரும்பிய சிமெண்டு லாரியின் ஹாரனே எடுபடவில்லை. நல்லதம்பியின் கம்ப்யூட்டர் கடை வாசலில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எடுத்து முடித்தும் நகரவில்லை. ஒருவர் அதே ரேஷன் கார்டை இரண்டாவது முறையாக நீட்டினார். நல்லதம்பியும் காரியமாக அதை வாங்கி மெஷினில் வைத்தார்.

விஷயம் இதுதான். விடிகாலையில் அரியலூரிலிருந்து வந்த பிளெக்ஸ்காரர்கள் ரோட்டு முக்கில் பேனரைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு மயில், அந்தப் பக்கம் ஒரு மயில். நடுவில் மஞ்சள் எழுத்தில், ‘விக்கி – கவியா திருமணத்திற்கு வருகை தரும் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம்.’ கவியா ஆண்டாயியின் மகள், அது சரி. கல்யாணம் வருகிற வெள்ளிக்கிழமை, அதுவும் சரி. ஆனால் மாப்பிள்ளை பூலாம்பாடி அரவிந்தன். விக்கி என்பவன், இந்தக் கடையில் உட்கார்ந்து பேனரை அடித்துக் கொடுத்த மணிமொழியின் கூடப்பிறந்த தம்பி.

வேறு ஊராக இருந்தால் ஏதோ பெயர் மாறிவிட்டது என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே அது முடியாது. போன வருடம் இதே கவியாவுக்கும் விக்கிக்கும் பூ வைத்து உறுதி செய்திருந்தார்கள். விக்கியின் சிங்கப்பூர் வேலை இதோ அதோ என்று இழுத்து, கடைசியில் விசாவே இல்லை என்று தெரிந்ததும் ஆண்டாயி சம்பந்தத்தை முறித்துவிட்டாள். பூலாம்பாடிக்காரர்களிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்றிருந்தார்கள். யாரும் கேட்கவில்லை.

ஆகவே காலை இட்லி வேகும் முன்பே தெருவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. தம்பியை வேண்டாமென்றவர்களை அக்காள்காரி பன்னிரண்டு அடியில் பழிவாங்கிவிட்டாள். இவ்வளவு நல்ல காரணம் கையிலிருக்கும்போது இன்னொன்றைத் தேட யாருக்குப் பொறுமை?

மணிமொழி நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாள். அந்த நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருமானூர் பக்கம் கட்டிக்கொடுத்து, பதினோராவது மாதம் ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்தவள் அவள். திரும்பி வந்தவளுக்கு ஊர் வைக்கும் பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். அவை எதுவும் அவள் மேல் ஒட்டாமல் போனதற்கு அந்த நாற்காலிதான் காரணம். தமிழ்த் தட்டச்சில் ஹையர் பரீட்சை முடித்திருந்தாள். பதினான்கு வருடமாக அவள் ‘கம்ப்யூட்டரம்மா’. கலெக்டருக்கு மனு எழுத வருகிற மீசைக்காரர்கள்கூட அவளிடம் ‘அடிச்சுக் குடுங்கம்மா’ என்று ‘ங்க’ போட்டுத்தான் பேசினார்கள். அந்த ஊரில் அவளைவிட மூத்த, புருஷனோடு வாழ்கிற எத்தனையோ பெண்களுக்கு அந்த ‘ங்க’ கிடைத்ததில்லை.

கம்ப்யூட்டரம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பது மட்டும் ஊருக்குத் தெரியாது. எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். கூட்டினால் ஒன்றும் வராது. “இங்கிலீஷ் வேல எடுக்குறதில்லங்க, தமிழே தலைக்கு மேல கெடக்கு” என்று சொல்லிச் சொல்லியே பதினான்கு வருடத்தை ஓட்டிவிட்டாள். கரண்டு போன அடுப்படியில் மிளகாய்த்தூள் எது, மஞ்சள்தூள் எது என்று கை அறிந்து எடுக்குமே, அப்படித்தான் கம்ப்யூட்டரும். கீழே இடது மூலையில் ஓர் உருண்டை, எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம். மேலே வலது மூலையில் சிவப்பு, மூடுவதற்கு. எந்தப் பெட்டி வந்து எதைக் கேட்டாலும் இடப்பக்கம் ஆமாம், வலப்பக்கம் இல்லை.

அடித்ததைச் சேமிக்கப் பெயர் கேட்கும். இடது கையின் நாலு விரலும் எங்கே இருக்கிறதோ அங்கேயே ஒரு தடவை அழுத்துவாள். ஏ எஸ் டி எஃப். விரல் போன போக்கில் அடுத்ததற்கு இரண்டு எஃப் கூடும், அதற்கடுத்ததற்கு ஒன்றே கூடும். எத்தனை என்று எண்ணியதில்லை, எண்ணத் தேவையுமில்லை. திரையில் எங்கே வைத்தாளோ அந்த இடம்தான் அதன் பெயர். மேல் வரிசை கல்யாணம், அதற்குக் கீழே காதுகுத்து, வலது ஓரம் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி. அந்தப் பக்கமே வராத நல்லதம்பி எட்ட நின்று பார்த்துவிட்டு, அது ஏதோ பாஸ்வேர்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பிக்கென்று போன வருடம் ஆசையாக மயில் தேடி எடுத்து அடித்த பேனரைக் கீழே ஒரு மூலையில் தனியாக வைத்திருந்தாள். அழிக்க மனம் வரவில்லை. இந்த வருடம் ஆண்டாயி, வேறு கடைக்குப் போனால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்களே என்று, கூசாமல் இங்கேயே வந்து நின்றாள். மணிமொழியும் கூசாமல் அதே மயில்களை எடுத்து, பெயரை மாற்றி அடித்து, ஆண்டாயியிடம் காட்டி, சரி என்று வாங்கிக்கொண்டு, மேல் வரிசையில் வைத்தாள். அது சனிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை சர்வீஸ்காரர் வந்து கம்ப்யூட்டரில் இருந்த பழைய விண்டோஸ் 7-ஐ எடுத்துவிட்டு 11-ஐப் போட்டுவிட்டுப் போனார். பழையதில் அரசாங்க இணையதளம் திறக்க மாட்டேன் என்கிறதாம். திங்கட்கிழமை காலை மணிமொழி கடைக்குள் நுழைந்தபோது நல்லதம்பி திரைக்கு விபூதி வைத்துக்கொண்டிருந்தார்.

“பாரு மணி, எப்புடி பளபளன்னு இருக்கு! கல்யாண வூடு மாதிரி.”

கீழே இடது மூலையில் இருந்தது நடுவுக்கு வந்து குந்தியிருந்தது. வலது பட்டனை அழுத்தினால் வருகிற நீளப் பட்டியல் பாதியாகியிருந்தது. அதைவிட, அவள் வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருந்த கல்யாணமும் காதுகுத்தும் சாவும் எல்லாம் ஒன்றாகக் கலந்து, இடது ஓரத்தில் அகர வரிசைப்படி ஒழுங்காக நின்றன. ஏ எஸ் டி எஃப், ஏ எஸ் டி எஃப் எஃப், ஏ எஸ் டி எஃப் எஃப் எஃப்.

ரிட்டயர்டு வாத்தியார் காசிநாதன் வாராவாரம் ஏதாவதொரு மனுவோடு வருவார். அவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, இருந்த வாசல அடைச்சுப்புட்டு நடுவூட்டுல தொறந்துருக்கானுவ? யாரக் கேட்டு செஞ்சானுவ? அடிம்மா ஒரு மனு,” என்று உட்கார்ந்தார்.

“யாருக்குங்க சார் அனுப்புறது?”

வாத்தியார் யோசித்தார். கலெக்டர் இல்லை. தாசில்தார் இல்லை. மந்திரியும் இல்லை. பெறுநர் என்ற இடத்திலேயே அந்த மனு நின்றுபோனது. அவருக்கு எரிச்சல்தான், வேறொன்றுமில்லை. வீட்டுக்குப் போய் மோர் குடித்தால் போய்விடும். மணிமொழியால் எரிச்சல்பட முடியவில்லை. “புதுசு நல்லாத்தான் இருக்குங்க சார்,” என்றாள்.

அன்று மாலை அரியலூர் பிளெக்ஸ் கடையிலிருந்து மூன்று தடவை போன் வந்தது. திரையில் சின்னச் சின்னப் படமாக இரண்டு ஜோடி மயில்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஒன்றைத் திறந்து பார்க்கப் போனாள். இங்கிலீஷில் ஏதோ கேட்டு ஒரு பெட்டி வந்தது. இடப்பக்கம் அழுத்தினாள். பெட்டி போய்விட்டது, பேனர் வரவில்லை. நல்லதம்பியைக் கூப்பிட்டால் “என்ன கேக்குது, படி” என்பார். நாலாவது தடவை போன் அடித்தது. புதிது எப்போதும் கீழேதானே இருக்கும் என்று கீழே இருந்த மயிலை அனுப்பினாள்.

எஃப் அதிகமாக விழுந்து கீழே நின்றது போன வருடத்து மயில். சேமிக்கும்போதே எத்தனை என்று எண்ணியிருக்கலாம்.

ஆண்டாயி கத்தி ஓய்ந்ததும், யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். வாசலில் நின்றவர்களை “போங்க, போய் பொழப்பப் பாருங்க” என்று விரட்டிவிட்டு, மணிமொழியின் அருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் கீழே வந்துவிட்டது.

“மணி, மாப்பிள்ளையோட மாமன் வீரமுத்து அண்ணன் கெளம்பி வந்துட்டு இருக்காங்க. போட்டோ போயிருச்சு அவங்களுக்கு. ஒன் ஆத்திரம் ஒனக்கு, அத நான் கேக்கல. மாப்பிள்ள பேரு தெரியறதுக்கு முன்னாடி மாதிரிக்கு ஒந் தம்பி பேரப் போட்டு அடிச்சேன், கம்ப்யூட்டர் மாத்துனதுல அந்த மாதிரி போயிருச்சுன்னு ஒத்த வார்த்த சொல்லிடு. ஒன் கால்ல வேணா வுழறேன்.”

“சொல்றேன் அத்த,” என்றாள் மணிமொழி. அதில் முக்கால்வாசி உண்மைதானே.

வீரமுத்து நல்ல மனிதர். சண்டைக்கு வந்தவராகத் தெரியவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். “பத்திரிக வச்சு முடிச்சாச்சு. முறிக்கணும்னு வரல. எங்க வூட்டுல நாலு பேருக்குச் சொல்ல ஒரு காரணம் வேணும், அவ்வளவுதான். சொல்லும்மா.”

மணிமொழி சொன்னாள். மாதிரி, கம்ப்யூட்டர் மாற்றியது, இடம் மாறியது எல்லாவற்றையும் ஆண்டாயி சொன்ன வரிசையிலேயே சொன்னாள். வீரமுத்து தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஆண்டாயிக்கு மூச்சு வந்தது.

“சரி. மாதிரிக்கு ஒரு பேரு, அசலுக்கு ஒரு பேரு வச்சிருப்பீல்ல? அதப் படிச்சுப் பாத்துதான அனுப்புவ?”

அவள் வாயைத் திறக்குமுன் நல்லதம்பி முந்திக்கொண்டார். கடையின் மானம் அவருக்கு. “பின்ன? படிக்காம அனுப்புமா எங்க மணி? பதினாலு வருசத்துல ஒரு எழுத்து தப்புனதில்லங்க. எல்லாம் இங்கிலீசுல பாஸ்வேர்டு மாதிரி வச்சிருக்கும். மணி, காட்டும்மா ஐயாவுக்கு.”

வீரமுத்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். பெரம்பலூரில் ஏதோ ஆபீசில் சூப்பிரண்டாக இருந்தவர். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். நாலு அடி. ‘எனக்குப் படிக்கத் தெரியாதுங்க’ என்ற ஒரு வாக்கியம் மணிமொழியின் நாக்கில் வந்து நின்றது. அதைச் சொன்னால் கவியாவின் கல்யாணம் நடக்கும். சொன்ன மறுநிமிஷம் அது வாசலுக்குப் போய், அங்கிருந்து டீக்கடைக்குப் போய், பஸ் ஏறிவிடும். நாளைக்குக் காலையில் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது சூட்கேஸோடு திரும்பி வந்த ஒருத்தியாகத்தான் இருக்கும். மூன்றாவது அடியை அவர் வைக்கும்போது அவள் கை நீண்டு திரையை அணைத்தது.

“பாக்க வேணாங்க. தெரிஞ்சேதான் அனுப்புனேன்.”

வீரமுத்து கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

“அப்ப பூ வச்சதா காதுல வுழுந்தது நெசந்தான்,” என்றார் ஆண்டாயியைப் பார்த்து. “எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் தங்கச்சி.”

அவர் போனபின் ஆண்டாயி கத்தவில்லை. வாசலுக்குப் போய், லாரிகள் கொட்டிவிட்டுப் போன வெள்ளைப் புழுதியை இரண்டு கையாலும் வாரி, கடைக்குள் தூற்றினாள். பாதி கீபோர்டில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை மண்டபம் பூட்டிக் கிடந்தது. அதற்குப்பின் நடந்ததில் பெரிய வேடிக்கை என்னவென்றால், மணிமொழியின் மரியாதை கூடிவிட்டது. நேருக்கு நேர் ‘ங்க’ போட்டவர்கள் இப்போது அவள் இல்லாத இடத்திலும் போட்டார்கள். பொல்லாதவள் என்ற பெயருக்கு ஊரில் தனி மதிப்புதான். நல்லதம்பி அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. அந்தப் பாஸ்வேர்டெல்லாம் அவளுக்கு மட்டும்தானே தெரியும்! ஆனால் கல்யாண வேலை கொண்டுவந்து கொடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கண்ணீர் அஞ்சலி மட்டும் வந்தது. செத்தவர்களுக்கு அவளால் என்ன செய்துவிட முடியும்? வலது ஓரம் நிறைந்து, நடுவுக்கு வந்து, மேல் வரிசை வரை ஏறிவிட்டது. ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்து அவளே இடம் பிடித்து வைத்தாள்.

அரவிந்தனுக்கு ஐப்பசியிலேயே பெரம்பலூரில் பெண் கிடைத்தது. விக்கி திருப்பூருக்குப் போய், கம்பெனியில் கூட வேலை பார்த்த திண்டுக்கல் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அக்காவுக்குப் போட்டோ மட்டும் அனுப்பினான். கவியாவை மாசியில் விக்கிரமங்கலத்துக்குக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் தாரம், வயது பதினான்கு கூடுதல், ஏழு வயதில் ஒரு பெண் உண்டு. நல்ல இடம் என்றுதான் ஆண்டாயி எல்லாரிடமும் சொல்கிறாள்.

சித்திரையில் ஒரு நாள் கவியா கடைக்கு வந்தாள். ரேஷன் கார்டில் பெயரை மாற்ற ஒரு விண்ணப்பம். நல்லதம்பி சாப்பிடப் போயிருந்தார். ஆண்டாயி உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்து, “கணவர் பேரு சுரேஷ்குமார்,” என்றாள். மணிமொழி அடித்தாள். சேமிக்கும்போது இடது கை தானாக நாலு விரலை அழுத்தியது.

கவியா அரியலூரில் பி.எஸ்சி. படித்தவள். அவள் கண் திரையில் ஊர்ந்து போவதை மணிமொழி பார்த்தாள். தடுக்கவில்லை.

“ஏ எஸ் டி எஃப்,” என்று மெதுவாகப் படித்தாள் கவியா. “ஏ எஸ் டி எஃப் எஃப்… ஏ எஸ் டி…” மேல் வரிசையிலிருந்து கீழ்வரை உதடு அசைந்துகொண்டே போனது. பிறகு நின்றது. அவள் திரும்பி மணிமொழியின் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இதுல எம் பேரு எது, அக்கா?”

மணிமொழி விரலை நீட்டித் திரையைத் தொட்டாள். கண்ணீர் அஞ்சலிகளுக்கு நடுவே, மூன்றாவது வரிசையில், ஒரு ஜோடி மயில்.

விக்கிரமங்கலம் பஸ் ஹாரன் அடித்தது. கவியா காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். தெரிந்துகொண்டதை யாரிடம் சொல்வாள், எப்போது சொல்வாள் என்பது தெரியவில்லை. பஸ் கிளப்பிய புழுதி கடைக்குள் வந்து அடங்கியது.

மணிமொழியின் கை மவுசைப் பிடித்து, எப்போதும் போகிற வழியில் போய், கீழே இடது மூலையில் அழுத்தியது. உருண்டை இல்லை. அங்கே ஒரு சின்ன மஞ்சள் சூரியன் இருந்தது. பக்கத்தில் அன்றைய வெயில், நாற்பத்தொன்று டிகிரி என்று போட்டிருந்தது.