அலையில் மட்டும் நிற்கும் என்ஜின்

பழைய படகு வாங்க வருகிறவன் முதலில் என்ஜினைப் பார்க்கமாட்டான். மெத்தையை அமுக்கிப் பார்ப்பான். பீர் டின் வைக்கும் குழிக்குள் விரலை விட்டுப் பார்ப்பான். மனைவி எங்கே சாய்ந்து படம் எடுத்துக்கொள்வாள் என்று மனசுக்குள் கணக்குப் போடுவான். சாவியைத் திருப்பச் சொல்வது கடைசியில்தான். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டால் வியாபாரம் முடிந்தது. என் அப்பா காம்பல் லேன் பக்கத்தில் புடவைக் கடை வைத்திருந்தார். வந்தவர்கள் விரித்துப் பார்க்காத மடிப்பை நாமாக விரிக்கக்கூடாது என்பதுதான் அவர் எனக்குக் கொடுத்த படிப்பு. புடவையில் கற்றதைப் படகில் போட்டு இத்தனை வருஷமாகப் பிழைத்துவருகிறேன்.

சுஜீந்திரனின் படகை அந்தப் படிப்பை வைத்து விற்க முடியாது. ஆள் செத்த படகு என்பது மேற்குக் கரையில் எல்லாப் படகுத்துறைகளுக்கும் தெரியும். விற்றுத் தரச் சொல்லி அவன் தங்கை மதுரா என்னிடம் வந்தபோது அதைத்தான் சொன்னேன்.

"விலை குறையும்மா. நம்ம சீன நண்பருங்க கிட்டயே வரமாட்டாங்க. நம்ம ஆளுங்க கிட்ட வருவாங்க, வந்து பாதி விலைக்குக் கேப்பாங்க."

"விலையை விடுங்க அண்ணா. விக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும்," என்றாள். "அந்த என்ஜின் நிக்குமா, நிக்காதா?"

அவள் கேட்டது என்ஜினைப் பற்றி மட்டுமல்ல. தன் கணவன் யதீசனைப் பற்றியும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனர்கள் இருவரும் மீன் பிடிக்கப் போனார்கள். யதீசன் ஓட்டினான். சுஜீந்திரன் வெக்கை தாங்காமல் மிதவை ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு முன்பக்கம் நின்றுகொண்டிருந்தான். தூரத்தில் போன கப்பலின் அலை வந்து மோதியபோது என்ஜின் இருமி நின்றது என்பது யதீசனின் வாக்குமூலம். படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிட, சுஜீந்திரன் விளிம்பில் தலை அடிபட்டுக் கடலில் விழுந்தான். என்ஜினைக் கிளப்பினால் பிடித்தது, நின்றது, மறுபடி பிடித்தது, மறுபடி நின்றது. நீரோட்டம் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரி துறையில் கட்டிவைத்து என்ஜினை ஓட்டிப் பார்த்தார். ஓடியது. வேறொரு மெக்கானிக் பார்த்தார், அப்போதும் ஓடியது. விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். சுஜீந்திரனின் அம்மா புஷ்பராணி மூடவில்லை. என்ஜின் நன்றாகத்தான் இருந்தது, நீச்சல் தெரியாத மருமகன் பயத்தில் உறைந்துபோய், இப்போது வாயில்லாத இயந்திரத்தின்மேல் பழி போடுகிறான் என்றார். பெண்ணைத் தன் கிளமெண்டி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மதுராவும் போனாள். போனவளுக்கு அங்கே தூக்கம் வரவில்லை.

"அவர் பொய் சொல்றார்னா நான் திரும்பிப் போகமாட்டேன்," என்றாள். "நிஜம்னா அன்னிக்கே போயிடுவேன். நடுவுல நிக்க முடியலண்ணா."

துறையில் என்ஜின் மூடியைத் திறந்தேன். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து உள்ளே ஒட்டியிருந்தது. பின்பக்கம் ஒயர்க் கொத்தில் ஒரு மஞ்சள் கயிறு சுற்றியிருந்தது. அதைத் தொடாமல் வேலையைத் தொடங்கினேன். எனக்கு முன்னால் பார்த்த அதிகாரியும் மெக்கானிக்கும் அப்படித்தான் செய்திருப்பார்கள். இந்த ஊரில் அடுத்தவன் சாமியை யாரும் தொடமாட்டார்கள். சீனன் படகில் சிவப்புக் காகிதம், மலாய்க்காரர் படகில் பச்சை எழுத்து, நம் படகில் மஞ்சள் கயிறு. எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டுதான் ஸ்பேனர் போகும்.

பழைய பெட்ரோலை இறக்கிப் புதிது ஊற்றினேன். வடிகட்டியில் தண்ணீர் இல்லை. பிளக்குகளை மாற்றினேன். ஓடும்போதே, கயிறு கட்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு, ஒயர்களை ஒவ்வொன்றாகக் குலுக்கினேன். ஈரம் பட்டால் இடறுமோ என்று தண்ணீரைத் தூவிப் பார்த்தேன். என்ஜின் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. ஒரு மூச்சுகூடத் தவறவில்லை. வேறு நாளாக இருந்தால் அந்தச் சத்தத்தைக் கேட்டு விலையைக் கொஞ்சம் ஏற்றியிருப்பேன்.

கட்டிக்கிடக்கிற படகில் இதைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தது. யதீசனை அழைத்தேன். புக்கிட் பாஞ்சாங் வீட்டில் தனியாக இருந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வந்தவனைப் பார்த்தபோது சட்டை வேறு யாருடையதோ மாதிரி தொங்கியது.

"நான் ஏற மாட்டேண்ணே."

"ஏறாட்டி, உங்க மாமி சொல்றதுதான் நிஜம்னு ஆயிடும் லா."

வலிக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். பேரத்தில் அப்படி ஒரு வார்த்தையைக் கடைசியில்தான் எடுக்கவேண்டும். நான் முதலிலேயே எடுத்துவிட்டேன். அவன் ஏறினான். மிதவை ஜாக்கெட்டின் வார்களை இழுத்து இழுத்து இறுக்கினான். மூச்சு விடுகிறானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

தீவுகளுக்கு அந்தப் பக்கம் போனோம். கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன், சட்டென்று திருப்பினேன். என்ஜின் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. ஒவ்வொரு நிமிஷமும் யதீசனின் முகம் வெளிறிக்கொண்டே போனது.

"நீங்களும் நம்பல, இல்ல?"

"நான் இன்னும் விலையே சொல்லல தம்பி. பொறுங்க."

"மதுரா என்னைக் கேட்டாண்ணே. நிஜமா நின்னுச்சான்னு. அவளே கேட்டா. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நாந்தான் சாவியை ஆஃப் பண்ணிட்டேனா? கை நடுங்கிச்சே, தெரியாம பண்ணிட்டேனா? ராத்திரி பூரா சாவியைத் திருப்பற மாதிரியே இருக்குது."

அப்போது மணல் தோணியை இழுத்துக்கொண்டு ஓர் இழுவைப் படகு கடந்தது. அதன் அலைகள் வரிசையாக வந்தன. நான் வேகத்தைக் குறைக்காமல் நேரே உள்ளே விட்டேன். முதல் அலையில் படகு எழும்பி விழுந்தது. ஒன்றுமில்லை. இரண்டாவதில் என்ஜின் ஒரு முறை இருமியது. மூன்றாவதில் செத்தது.

அந்த அமைதியில் தண்ணீர் படகைத் தட்டுவது மட்டும் கேட்டது. படகு மெல்லக் குறுக்கே திரும்பியது. சாவியைத் திருப்பினேன், பிடித்தது. அடுத்த அலையில் நின்றது. மறுபடி திருப்பினேன்.

யதீசன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. "நின்னுச்சு! பாத்தீங்களா? நின்னுச்சுண்ணே! நிக்குது!" என்று கத்தினான். பிறகு சுஜீந்திரன் நின்றிருந்த முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அலை ஓய்ந்ததும் மூடியைத் திறந்தேன். இப்போது கண் எதைத் தேட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அலை அடித்தால் நிற்கிறது, ஆடாவிட்டால் ஓடுகிறது. ஏதோ ஒன்று தொடக்கூடாத இடத்தைத் தொட்டுத் தொட்டு விடுகிறது. என்ஜினை அணைப்பதற்கென்றே ஓர் ஒயர் உண்டு. அதன் உள்கம்பி என்ஜினின் உடம்பைத் தொட்டால் தீப்பொறி நின்றுவிடும். சாவியை அணைக்கும்போது நடப்பதும் அதுதான். ஆக, சாவி இல்லாமலே யாரோ அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒயரை விரலால் பின்தொடர்ந்து போனேன். அது மஞ்சள் கயிற்றுக்குள் போனது.

மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தேன். கொத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு வெள்ளித் தாயத்து தொங்கியது. குழந்தைகள் இடுப்பில் கட்டுகிற சின்னக் குழல். ஓட்டத்தின் அதிர்வில் அது ஆடி ஆடி ஒயரின் தோலைத் தின்றிருந்தது. ஒரு பக்கம் செம்புக்கம்பி தெரிந்தது, மறுபக்கம் என்ஜினின் இரும்பு. அலை அடிக்கும்போதெல்லாம் தாயத்து இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. வெள்ளியில் ஒரு பக்கம் தேய்ந்து, கறுத்துப்போயிருந்தது.

கயிற்றை அறுத்தேன். ஒயரில் டேப் சுற்றினேன். இழுவைப் படகைத் துரத்திக்கொண்டு போய் அதன் அலைகளில் திரும்பத் திரும்ப விழுந்தோம். என்ஜின் ஒரு தடவைகூட இடறவில்லை.

யதீசன் கையை நீட்டித் தாயத்தை வாங்கிப் பார்த்தான்.

"இது சுஜியோடது. அவன் தொப்புள்கொடி உள்ள இருக்கு. கட்டிக்கோடான்னு மாமி சின்னப் பிள்ளையிலேருந்து பின்னாடியே போவாங்க, அவன் ஓடுவான். நான்கூடக் கிண்டல் பண்ணியிருக்கேன், இந்த ஜி.பி.எஸ்.ஸ மாட்டிக்கிட்டாத்தான் மாமி நிம்மதியாத் தூங்குவாங்கன்னு." தேய்ந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினான். "பூசையன்னிக்கு நாங்க எலுமிச்சம்பழம் எடுக்கப் போயிருந்தோம். அப்பத்தான் மாமி இதை இங்க கட்டியிருப்பாங்க."

கரை கண்ணுக்குத் தெரியும்வரை அதைக் கைக்குள்ளேயே வைத்திருந்தான். பிறகு அதை என் கையில் திருப்பி வைத்தான்.

"கோளாறு இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. ஒயர் தேஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க. எதனாலன்னு வேணாம். எனக்கு மதுரா வந்தாப் போதும்."

நல்ல பேரம் என்று நினைத்தேன். பொய்யும் இல்லை, முழுசும் இல்லை. ஒரு மடிப்பை மட்டும் விரிக்காமல் விடுகிறோம். மகனைக் காக்கக் கட்டியதே அவனைக் கொன்றது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? தாயத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கடலில் எறிந்திருக்கலாம். அடுத்தவன் சாமி, கை வரவில்லை.

கிளமெண்டியில் யதீசன் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருந்த சதுரங்க மேசையில் உட்கார்ந்துகொண்டான். நான் மட்டும் மேலே போனேன்.

புஷ்பராணி அம்மாள் காப்பி கொடுத்தார். மகன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. நான் ஒயரைப் பற்றிச் சொன்னேன். என்ஜின் என் கண் முன்னால் நின்றதை, மறுபடி மறுபடி நின்றதை, மருமகன் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பதைச் சொன்னேன். வாழ்நாளில் இவ்வளவு நன்றாக நான் எதையும் விற்றதில்லை. மதுரா பாதியிலேயே எழுந்து உள்ளே போய்த் துணிகளைப் பைக்குள் திணிக்க ஆரம்பித்துவிட்டாள். அம்மாளின் முகமும் கொஞ்சம் இளகியது.

"அப்ப அந்தப் பிள்ளையை நான்தான் கரிச்சுக் கொட்டிட்டேனா?" என்றார். விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார். "தம்பி, மூடியைத் திறந்தீங்கதானே? உள்ள ஒரு தாயத்து இருந்திருக்குமே?"

யோசிக்கவே இல்லை நான். கடைப் பையனின் வாய் தானாகப் பேசியது. "இல்லையேம்மா."

"இல்லையா?"

"ஒண்ணும் இல்லம்மா."

அவர் நிமிர்ந்தார். இளகின முகம் என் கண் முன்னாலேயே கல்லாகியது. "என் கையால கட்டினேன். முடிச்சு மேல முடிச்சு போட்டுக் கட்டினேன். தானா அவிழாது." உள்ளறையைப் பார்த்துக் குரல் உயர்ந்தது. "மதுரா! கேட்டியா? தாயத்து அங்க இல்லையாம். யாரு அவிழ்த்திருப்பா? அந்தப் படகைத் தொட்டது ரெண்டே பேரு. என் பிள்ளை போயிட்டான். மத்தவனுக்கு அதெல்லாம் எப்பவும் கேலிதானே. அவிழ்த்துத் தூக்கிப் போட்டுட்டான். அதான் ஒயர் போச்சு, அதான் என் பிள்ளை போனான்!"

மதுரா பையோடு வாசலில் நின்றாள். கிண்டல் செய்ததை அவளும் கேட்டிருக்கிறாள். அவள் கண் எங்கேயோ போய்த் திரும்பியது. தோளிலிருந்த பை மெல்லத் தரைக்கு இறங்கியது.

ஒரு வார்த்தையில் எல்லாம் கவிழ்ந்துவிட்டது. இதை நிமிர்த்துவதற்கு என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இருந்துச்சும்மா. அவர் அவிழ்க்கல. நான்தான் இன்னிக்கு அறுத்தேன்."

அம்மாள் அதைப் பாய்ந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கன்னத்தில் வைத்தார். பிறகுதான் அவர் விரலில் அந்தத் தேய்ந்த பக்கம் தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏன் கறுத்திருக்கு?"

நான் காப்பியைப் பார்த்தேன்.

"எங்க இருந்துச்சு இது?"

"நீங்க கட்டின இடத்துலயேதாம்மா."

"அந்த ஒயர் எந்த இடத்துல தேஞ்சிருந்துச்சு?"

வியாபாரத்தில் நான் பார்த்த எந்த வாடிக்கையாளரும் இவ்வளவு நேராக மடிப்பைப் பிடித்து இழுத்ததில்லை.

"அங்கதாம்மா," என்றேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கொண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்துக் குழலின் மூடியை நெம்பினார். உள்ளங்கையில் தட்டினார். கலங்கிய தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு கொஞ்சம் உப்பு. மறுபடி தட்டினார், ஊசியை விட்டுச் சுரண்டினார், ஊதிப் பார்த்தார். தொப்புள்கொடி என்று எதுவும் வரவில்லை. கையை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா," என்றாள் மதுரா. பையைத் தாண்டி வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். மூடிய கையைப் பிரிக்கப் பார்த்தாள். அவர் பிரிக்க விடவில்லை.

நான் காலணியை மாட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

லிஃப்ட் கதவு திறந்தபோது யதீசன் எழுந்து நின்றான். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். கதவு மூடிக்கொண்டது.

"வராளாண்ணே?"

"வருவா. நேரம் ஆகும்."

அவன் பார்வை என் சட்டைப்பைக்குப் போனது. அது காலியாக இருந்தது.

"சொல்லிட்டீங்களா?"

"அவங்க கேட்டுட்டாங்க தம்பி."

அவன் மறுபடி சதுரங்க மேசையில் உட்கார்ந்தான். லிஃப்டின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் எதிரே உட்கார்ந்தேன்.