மஞ்சள் கவுன் போட்டோ

சைக்கிள் கடைக்காரரின் இளைய மகளுடைய முதுகில் ஒட்டி வைத்தால் பால் மறுநாள் வரை கெடாது. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. அவளுடைய ஏழாவது வயதில் தொடங்கியது. முன்பக்கம் எல்லாப் பிள்ளைகளையும் போல வெதுவெதுப்பாக இருப்பாள், பின்பக்கம் மட்டும் ஜில்லென்று இருக்கும். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார். ஏதாவது எழுதியாக வேண்டுமே என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். கரண்ட் போன நாட்களில் பக்கத்து வீட்டுக்காரி சொம்போடு வந்து, "கொஞ்ச நேரம் சாஞ்சுக்கோ கண்ணு" என்பாள். ஒருமுறை ஆஸ்பத்திரி நர்ஸ் தடுப்பூசிப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். முடி தொடங்கும் இடத்தில், நெற்றிக்கு மேலே, பொத்தான் அளவில் வட்டமாக ஒரு தழும்பும் இருந்தது. எங்கேயும் இடித்துக்கொண்டதாக அவளுக்கு ஞாபகமில்லை.

சர்ச்சில் சாயங்கால ஜெபத்துக்கு நிற்கும்போது அவள் மெல்ல இடது பக்கம் திரும்புவாள். காலை அசைக்காமல், கீல் மேல் கதவு திரும்புகிற மாதிரி திரும்பி, சற்று நின்று, பழையபடி வந்து சேருவாள். முதலில் பார்த்த பாஸ்டர் பரிசுத்த ஆவி என்று நினைத்து இரண்டு வாரம் ஸ்தோத்திரம் சொன்னார். பிறகு அது பாட்டு, பிரசங்கம் எதையும் பொருட்படுத்தாமல் நடப்பதைக் கவனித்துச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

காரணம் வெளிநாட்டிலிருந்து வந்தது. அங்கே உள்ள ஒரு சபை இங்கே உள்ள சின்னச் சர்ச்சுகளுக்கு உதவி செய்துவந்தது. அங்கே யாராவது ஒரு பிள்ளையின் போட்டோவைப் பார்த்து ஏற்றுக்கொண்டால், அந்தப் பிள்ளைக்குப் படிப்பும் மருந்தும், வீட்டுக்கு ஒழுகாத கூரையும் கிடைக்கும். சர்ச்சில் நல்ல கவுன் ஒன்றுதான் இருந்தது, மஞ்சள் நிறம், கழுத்தில் லேஸ். பெண்பிள்ளைகள் அதையே ஒருவர் பின் ஒருவராக மாட்டிக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்று சிரிப்பார்கள். சைக்கிள் கடைக்காரரின் மூத்த மகளுடைய முறை வந்த அன்று அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி, கன்னம் உப்பிக் கிடந்தது. "இந்த முகத்தோட நிறுத்தினா யாரும்மா எடுப்பாங்க? சின்னவளை நிக்க வைங்க. ஜாடை ஒண்ணுதானே" என்றார் பாஸ்டர். அவர் கெட்டவரில்லை, அவசரக்காரர். மூத்தவள் பெயரில் இளையவள் முகம் போய்ச் சேர்ந்தது. தனியாக இருந்த ஒரு வயதான அம்மா அந்த முகத்தை எடுத்துக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து அந்த அம்மா தன் சமையலறையில் நின்று எடுத்த படத்தை அனுப்பினார். பின்னால் வெள்ளை ஃப்ரிட்ஜ். அதன் கதவில் மஞ்சள் கவுன் போட்டோ, நெற்றிக்கு மேலே ஒரு வட்டக் காந்தம். இவர்களின் தாய் படத்தைப் பார்த்தாள், இளையவளின் தழும்பைப் பார்த்தாள், இரண்டும் ஒரே இடம். இங்கே சாயங்கால ஜெபம் நடக்கும்போது அங்கே விடிகிறது, அந்த அம்மா காப்பிக்குப் பால் எடுக்கக் கதவைத் திறக்கிறார். இங்கிருந்து பிறகு அனுப்பிய மூத்தவளின் போட்டோக்களை அவர் துணி அலமாரியில் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். அந்த நாட்களில் மூத்தவளிடம் பூட்டிய துணிகளின் வாசனை வந்தது, அவ்வளவுதான். ஆகப் படிப்பு அக்காவுக்கு, குளிர் தங்கைக்கு.

தாய் பாஸ்டரிடம் போய் அழுதாள். போட்டோவை எடுத்துவிடச் சொல்லுங்கள், பிள்ளையின் உதடெல்லாம் நீலம் பாய்கிறது என்றாள். பாஸ்டர் மூத்தவளின் ஃபீஸ் ரசீதை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"தினம் அந்த முகத்தைப் பாக்கறதாலதான்மா அவங்க மறக்காம அனுப்பறாங்க. எடுங்கன்னா ஏன்னு கேப்பாங்க. ஆளே வேறன்னு எந்த வாயால சொல்றது? பெரியவ படிப்பு என்ன ஆகும்?"

பெற்றவளால் எந்தப் பக்கமும் சாய முடியவில்லை. இந்தப் பேச்சையெல்லாம் வாசலில் நின்று கேட்டிருந்த இளையவள், "அக்கா முடிக்கட்டும்மா. எனக்குப் பழகிடுச்சு" என்றாள். பழகவில்லை. மூத்தவள் நர்சிங் விடுதியிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் தங்கையின் முதுகோடு முதுகு ஒட்டிப் படுப்பாள், விடியும்போது இருவருக்கும் பல் கிட்டித்துப்போயிருக்கும்.

மூத்தவளுக்கு வேலை கிடைத்த மாதம் பாஸ்டர் உள்ளதை உள்ளபடி எழுதி, போட்டோவைக் கழற்றிவிடும்படி கேட்டு அனுப்பினார். அந்தக் கடிதம் போய்ச் சேருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இளையவளின் முதுகு சூடானது. தழும்பும் மறைந்துவிட்டது. தாய் அவள் முதுகைத் தடவித் தடவிச் சிரித்தாள். மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்த இளையவள் மூக்கைச் சுளித்து, புது மரப்பலகை வாசனை வருகிறது என்றாள். பிறகு ஈர மண் என்றாள். இடது கையை யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று சொன்னபோது அறையில் தாயைத் தவிர யாரும் இல்லை.

அந்த அம்மாவின் அண்ணன் மகன் எழுதியது பின்னால்தான் வந்தது. அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார். அவருக்கு ரொம்பப் பிடித்த ஃப்ரிட்ஜ் போட்டோவை அவர் கையிலேயே கொடுத்துப் பெட்டியை மூடினோம் என்று இருந்தது. பாஸ்டர் எழுதியதை யாரும் பிரிக்கவேயில்லை போலிருக்கிறது.

மூத்தவள் அடுத்த பஸ்ஸில் வந்தாள். தங்கையின் இடது கைக்குப் பக்கத்தில் வெறும் காற்றில் விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். "நாடி இல்ல. ஆனா பிடி இருக்கு" என்றாள். அது தன் கைக்கு வரவேண்டிய பிடி என்று அவளுக்குத் தெரியும். பாஸ்டர் ஜெபித்து விடுவிக்கிறேன் என்று பைபிளோடு வந்து நின்றார். இளையவள்தான் வேண்டாம் என்றாள்.

"விடச் சொல்லாதீங்க ஐயா. இத்தனை வருஷம் அந்த வீட்ல அவங்களும் நானும்தான் இருந்தோம். இப்போ இருட்டுல தனியா என்ன பண்ணுவாங்க?"

பாஸ்டர் பைபிளை மூடிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். அதன் பிறகு சர்ச் பெஞ்சில் அவளுக்கு இடது பக்கம் ஓர் ஆள் இடத்தை விட்டே மற்றவர்கள் உட்காருகிறார்கள்.

இப்போது போட்டோ நாளில் பிள்ளைகளைத் தயார் செய்வது அவள் வேலை. கன்னம் வீங்கியிருந்தாலும் சரி, கண் பொங்கியிருந்தாலும் சரி, யார் பெயரோ அந்தப் பிள்ளையைத்தான் நிறுத்துவாள். மஞ்சள் கவுனின் பொத்தான்களை வலது கையாலேயே போட்டுவிடுவாள்.