மடிப்புக் கலையாத சட்டை

பயிற்சி அறையின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டக்டரம்மா கணவரின் இடது முழங்கைக்கு மேலே சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "பாத்து, பாத்து. இங்க படி இருக்கு," என்றாள், கட்டைவிரல் உயரம்கூட இல்லாத நிலைப்படியைக் காட்டி. கணவரான டிரைவர், அவள் இரண்டு செருப்பையும் உதறி முடிக்கும்வரை அசையாமல் நின்றுவிட்டு, பிறகுதான் உள்ளே காலெடுத்து வைத்தார். பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு பெரியவர், "கொடுத்து வச்சவர் சார் நீங்க. இப்படித் தாங்குற சம்சாரம் யாருக்குக் கிடைக்கும்?" என்றார். டிரைவர் சிரித்து வைத்தார். கண்டக்டரம்மாவும் சிரித்தாள். அவள் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

இரண்டு பேரும் ஒரே டிப்போவில் வேலை பார்த்தவர்கள். அவர் ஓட்டினார், அவள் டிக்கெட் கொடுத்தாள். ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகியும் தெருவில் டிரைவர் வீடு, கண்டக்டரம்மா என்று சொன்னால்தான் ஆள் தெரியும். ஓடும் பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் நிற்பது அவளுடைய பெருமை. ஒரு கையில் டிக்கெட் கட்டு, இன்னொரு கையில் சில்லறை, விரலிடுக்கில் மடித்த நோட்டுகள். வளைவில் வண்டி சாயும்போது பயணிகளெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சரிவார்கள். இவள் மட்டும் நட்டு வைத்த மாதிரி நின்று, "உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு" என்று அதட்டிக்கொண்டிருப்பாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் யாராவது கம்பியைப் பிடித்தால், "கம்பிக்கு டிக்கெட் கொடுக்கப் போறியா?" என்று மானத்தை வாங்கிவிடுவாள்.

அப்படிப்பட்டவளுக்குக் கொஞ்ச காலமாகத் தரை சரியில்லை. சட்டென்று திரும்பினால் ஒரு பக்கம் நழுவுவது போலிருந்தது. படி இறங்கும்போது எந்தப் படி எங்கே இருக்கிறது என்று கால் தடவித் தேடியது. வயசானால் எல்லாருக்கும் வருவதுதான் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. வெளியே போகும்போது மட்டும் கணவரின் கையோரமாகச் சட்டையைப் பிடித்துக்கொள்ளப் பழகினாள். ஒருநாள் மருந்துக் கடையிலிருந்து இறங்கும்போது அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. பிடித்திருந்த சட்டையை அப்படியே இழுத்துவிட்டாள். அவள் எப்படியோ நின்றுவிட்டாள், டிரைவர் குப்புற விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

வெளியூரிலிருந்து மகன் பதறிக்கொண்டு போனில் கேட்டபோது, "கால் தடுக்கிருச்சுப்பா," என்றார் டிரைவர். கண்டக்டரம்மா பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனுஷர் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த வாரமே மகனும் மகளும் வந்து கூடிப் பேசினார்கள். இருவருடைய வீடும் சின்னது. அதனால் அப்பா மகனோடு, அம்மா மகளோடு என்று ஆளுக்கொரு பக்கமாகப் பங்கு போட்டார்கள். டிரைவர் ஒரேயடியாக முரண்டு பிடித்த பிறகுதான் மகன் கொஞ்சம் இறங்கி வந்தான். கட்டுப் பிரித்ததும் விழாமல் நடக்கச் சொல்லித்தரும் பயிற்சிக்குப் போக வேண்டும். இருவரும் தனியாக இருக்கலாம் என்று பயிற்சியாளர் சொன்னால் சரி. இன்னொரு தடவை விழுந்தால் பேச்சே கிடையாது, வீட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

அன்றிலிருந்து கண்டக்டரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷமும் ஒரே வண்டியில் போய்விட்டு, கடைசி ஸ்டாப்புக்கு வேறு வேறு வண்டியில் ஏற்றிவிடப் பார்க்கிறார்களே என்று அடுப்படியில் நின்று முணுமுணுத்தாள்.

பயிற்சியாளர், மகள் வயசுப் பெண். குரல் மெல்லியது, கண் பொல்லாதது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொல்வாள். தரையில் ஒட்டிய கோட்டின்மேல், ஒரு பாதத்தின் குதிகால் இன்னொரு பாதத்தின் விரலைத் தொடுகிறபடி அடியெடுத்து வைக்கச் சொல்வாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிவிட்டுப் பேச்சுக் கொடுப்பாள். டிரைவர் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் அநாயாசமாகச் செய்தார். இன்றைக்கும் ஒற்றைக் காலில் நின்றபடியே பழைய டிப்போ கதை ஒன்றை முழுசாகச் சொல்லி முடித்தார்.

பயிற்சியாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், நீங்க எப்படித்தான் விழுந்தீங்கன்னு எனக்கு இன்னும் புரியல," என்றாள். பிறகு அவர் சட்டையைத் தொட்டுக் காட்டினாள். "இஸ்திரி போட்ட சட்டை. இந்த ஒரு எடம் மட்டும் ஏன் எப்பவும் கசங்கியிருக்கு?"

"நான்தான் பிடிச்சுக்குவேன்," என்றாள் கண்டக்டரம்மா அவசரமாக. "அவர் விழுந்துறக் கூடாதே."

"விழுறவங்களப் பிடிக்கிறவங்க இடுப்புல கை கொடுப்பாங்கம்மா. நீங்க பஸ்ல கம்பியப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க. நீங்க கொஞ்சம் இங்க வந்து நில்லுங்க, பாப்போம்."

கண்டக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. "ஓடுற பஸ்லயே நின்னவ நான். எனக்கெதுக்கு இதெல்லாம்?" என்று பெரிய குரலில் சொல்லிக்கொண்டே எழுந்து போனாள். வலது காலைக் கொஞ்சம் தூக்கினாள், அவ்வளவுதான். அறை அப்படியே சாய்ந்தது. பயிற்சியாளர் தயாராக இருந்ததால் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். கண்டக்டரம்மாவுக்கு வெட்கம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள்.

"என் பையன்கிட்ட மட்டும் சொல்லிறாதம்மா. ரெண்டு பேரையும் ரெண்டு வீட்டுக்குப் பிரிச்சிருவாங்க. அன்னைக்கு இவரா விழல. நான்தான்…" அதற்குமேல் சொல்ல முடியாமல் கணவரைப் பார்த்தாள்.

"தெரியும்," என்றார் டிரைவர்.

"என்ன தெரியும்?"

"பின்னாடி யாரு ஏறுறா, யாரு இறங்குறா, யாரு தள்ளாடுறான்னு பாக்காமயா இத்தன வருஷம் வண்டி ஓட்டினேன்? நீ எப்பச் சட்டையப் பிடிக்க ஆரம்பிச்சியோ, அப்பவே தெரியும். அதான் மெதுவா நடக்கிறேன்."

"தெரிஞ்சும் வாயத் திறக்கலயே நீங்க?"

"கண்டக்டர் விசில் கொடுக்காம டிரைவர் வண்டிய எடுக்க முடியுமா?"

பயிற்சியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது சரி பண்ணக்கூடியதுதாம்மா. இத்தன நாள் மறைச்சதுதான் தப்பு," என்றாள். அன்றைக்கே மேல் மாடி டாக்டரிடம் அனுப்பி வைத்தாள். ரத்த அழுத்த மாத்திரையின் அளவு கூடிப்போனதுதான் அடிக்கடி வந்த கிறுகிறுப்புக்குக் காரணம் என்று சொல்லி டாக்டர் அதைக் குறைத்தார். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி இறங்கக் கூடாது என்றார். மிச்சமெல்லாம் காலில் பலமில்லாதது, அதற்குப் பயிற்சிதான் மருந்து. பயிற்சியாளர் அவர்கள் எதிரிலேயே மகனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். "ரெண்டு பேரையும் பிரிச்சிறாதீங்க சார். அப்பா நல்லா நிக்கிறார். அம்மாவையும் அவர் பக்கத்துல வச்சே நிக்க வைக்கலாம். எனக்குக் கொஞ்சம் டைம் கொடுங்க."   மகன், "அப்ப அம்மாவையும் சேத்துக்கங்க மேடம். மூணு மாசம் பாப்போம்," என்றான். கண்டக்டரம்மாவுக்கு மூச்சு வந்தது. நெஞ்சில் கிடந்த பாரத்தை யாரோ தூக்கிக் கீழே வைத்த மாதிரி இருந்தது.

அதன்பிறகு அந்த வீட்டில் எது செய்தாலும் பயிற்சிதான். பால் பொங்கும்வரை கண்டக்டரம்மா அடுப்பு மேடையோரத்தை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பாள். டிரைவர் பின்னால் ஒரு நாற்காலியோடு நிற்பார். "மேடையப் பிடிக்காத, மேடைக்கு டிக்கெட் கொடுக்கப் போறியா?" என்பார். அவள் கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள். ஒருநாள் சிரித்ததில் நிலை தவறி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். இருவரும் மேலும் சிரித்ததில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

மூன்று மாதம் முடிகிற வாரத்தில் பயிற்சியாளர் அவளைக் கோட்டின் ஒரு முனையில் நிறுத்தினாள். சுவரில்லை, நாற்காலியில்லை, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மகன் பார்ப்பதற்காகப் போனில் படம்பிடிக்கத் தயாராக நின்றாள். கண்டக்டரம்மாவின் கை தன்னால் சட்டையைத் தேடியது. சட்டைக்குச் சொந்தக்காரர் கோட்டின் மறுமுனையில் நின்றிருந்தார்.

"போலாம், ரைட்!" என்று கத்தினார் டிரைவர். ஒரு நாள்கூட அவர் சொல்லாத வார்த்தை அது, அவளுடைய வார்த்தை. பெஞ்சிலிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காலெடுத்து வைத்தாள். குதிகால், விரல், குதிகால். நடுவில் ஒருமுறை உடம்பு ஆடியது. இடுப்பைக் கொஞ்சம் வளைத்தாள். அந்தக் காலத்தில் பஸ் வளைவில் சாயும்போது அப்படித்தான் வளைப்பாள். விழாமல் நின்றாள். பிறகு மிச்சத்தையும் நடந்தாள்.

வீட்டுக்கு வரும்போதும் அவர் பக்கமாகவே நடந்தாள், கையை வீசிக்கொண்டு. தெருமுனையில் மகன் அழைத்தான். "நல்லா நடந்தீங்கம்மா," என்று மட்டும் சொன்னான், வீட்டைப் பூட்டும் பேச்சை எடுக்கவே இல்லை.

உள்ளே வந்ததும் டிரைவர் சட்டையைக் கழற்றி அழுக்குக் கூடையில் போட்டார். கண்டக்டரம்மா பழக்கத்தில் அதை எடுத்து, சட்டையின் இடது கையை விரித்துப் பார்த்தாள். காலையில் தேய்த்த மடிப்பு தோளிலிருந்து முனைவரை கலையாமல் அப்படியே இருந்தது.

"அழுக்குத்தானே அது?" என்றார் அவர்.

"நாளைக்கும் போடலாம்," என்றாள். சட்டையை ஹாங்கரில் மாட்டினாள். ஆணி உயரத்தில் இருந்தது. குதிகால் இரண்டையும் தூக்கி, ஒரு கையால் ஆணியை எட்டினாள். இன்னொரு கை எதையும் பிடிக்காமல் காற்றில் இருந்தது.